மெல்பர்ன் கடிதம்: கங்காரு போதும், குவாலைக் காட்டுங்கள்

மெல்பர்னின் தென்கிழக்கில் குடியிருக்கும் தமிழர் வீடுகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்து இறங்கினால் முதல் வாரம் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், அடுத்த வாரம் கங்காரு. கோடிக்கணக்கில் திரிகிற பிராணி அது. அதன் இறைச்சி சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் போட்டு விற்பனையாவது தெரிந்தால் மாமியார் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அபூர்வமானதைப் பார்க்க வேண்டுமென்றால் பியர்ஸ்டேல் போக வேண்டும். அங்கே 2001இல் தொடங்கிய மூன்லிட் சாங்ச்சுவரி என்ற சின்ன வனவிலங்குப் பூங்கா இருக்கிறது. இருட்டிய பிறகு கையில் லாந்தரைக் கொடுத்து அழைத்துப் போகிறார்கள்.

மாமனார்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். "இந்த எலிக்கா மாப்பிள்ளே டிக்கெட்டு?"

அவர்கள் எலி என்பது பெட்டாங். கங்காருவுக்குச் சொந்தம்தான், ஆனால் முயல் அளவுதான் இருக்கும். கூடு கட்டப் புல்லையும் பட்டையையும் வாலில் சுருட்டிக்கொண்டு போகும். மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சையைத் தோண்டித் தின்று, அதன் வித்துகளைக் காடெங்கும் பரப்பும். யூகலிப்டஸ் மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்வது அந்தப் பூஞ்சை. அதனால் எலி என்று ஏளனம் செய்த பிராணிதான் அந்தக் காட்டின் தோட்டக்காரர்.

உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட குவால் என்ற சின்னப் பைப்பாலூட்டியைக் கண்டால் மாமியார்கள்கூட நின்றுவிடுவார்கள். ஒரே பிரசவத்தில் முப்பது குட்டிவரை ஈனும். பால் காம்போ ஆறுதான். முந்திப் பற்றியது பிழைக்கும். முதல் பந்தியோடு சரி, இரண்டாம் பந்தி கிடையாது.

ஒரு காலத்தில் இவை இந்தப் பக்கத்திலேயே மலிந்து கிடந்தவை. 19ஆம் நூற்றாண்டில் குதிரையேறி வேட்டையாடிப் பொழுதுபோக்குவதற்காக வெள்ளைக்காரக் குடியேறிகள் இங்கிலாந்திலிருந்து நரியைக் கொண்டுவந்தார்கள். பொழுது அவர்களுக்குப் போனது. கிழக்குப் பெட்டாங் 1920களிலேயே ஆஸ்திரேலியப் பெருநிலத்தை விட்டுப் போய்விட்டது. கிழக்குக் குவாலைப் பெருநிலத்துக் காட்டில் கடைசியாகக் கண்டது 1963இல், அதுவும் சிட்னியின் பணக்காரப் பேட்டையான வாக்ளூஸில். நரி காலூன்றாத டாஸ்மேனியாவில் மட்டும் இரண்டும் தப்பின. 2018இல் அங்கிருந்து குவால்களைக் கொண்டுவந்து ஜெர்விஸ் பே அருகே புடரீ தேசியப் பூங்காவில் விட்டார்கள். நரியும் நாயும் காரும் பலவற்றைக் காவு வாங்கின. வேலிக்குள் வைத்து இனம் பெருக்குகிற சின்னப் பூங்காக்களின் அருமை அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

ஆகவே டிசம்பரில் பெற்றோரை வரவழைப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கங்காருவை வழியில் காட்டிக்கொள்ளலாம், லாந்தர் சுற்றுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். கோடையில் இருட்டவே ஒன்பது மணியாகும் என்பதால் ராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டே கிளம்பலாம். ஸ்வெட்டர் அவசியம், மெல்பர்ன் கோடையை நம்புவதற்கில்லை.