வராமைக்கு விலை: ஓர் அபாவ விசாரம்

உள்ள பொருளுக்கு விலை கூறுதல் வணிகர் எவர்க்கும் எளிது. இல்லாத ஒன்றுக்கு விலை கூறி, அதற்கு முறையான சீட்டும் எழுதிக் கொடுத்தல், தத்துவ சாஸ்திரத்தில் நெடுங்காலப் பயிற்சி உடையார்க்கன்றிப் பிறர்க்கு இயலாது. அத்தகைய பயிற்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல் வைத்தியரிடத்துக் குறைவறக் காணப்படுவதும், நம் தர்க்க நூலார் இதுகாறும் அதனைக் கவனியாது விட்டதுமே இவ்வாராய்ச்சி எழுந்ததற்குக் காரணங்களாம். குறித்த நேரத்தில் வாராமலும், 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பாக அறிவியாமலும் இருந்துவிட்ட நோயாளியிடம் 25 டாலர், 50 டாலர், சிற்சில இடங்களில் 100 டாலர் என்று கட்டணம் வாங்குவது அந்நாட்டில் பெருவழக்கு. அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் வெளியிடும் குறியீட்டு நூலில், பல் பிடுங்குதற்கும் சொத்தை அடைத்தற்கும் எண்கள் இருப்பதைப் போலவே, நோயாளி வாராமைக்கும் டி9986 என்றோர் எண் உண்டு. வருவதாகச் சொன்னதை ரத்துச் செய்தமைக்கு டி9987.

வைசேஷிக தரிசனம் கண்ட கணாதர் பதார்த்தங்கள் ஆறு என்றார். பின்வந்தோர், இல்லாமையும் அறியப்படும் பொருளே என்று வாதித்து, அபாவத்தை ஏழாவதாகச் சேர்த்துக்கொண்டனர். மணிமேகலையில் சமயக்கணக்கரின் திறம் கூறும் காதையிலும் பிரமாணங்களின் வரிசையில் அபாவம் எண்ணப்படுகிறது. ஆயினும், இவ்விடத்தில் குடம் இல்லை என்று இத்துணை நுட்பமாகக் கண்டறிந்த நம் முன்னோர், அவ்வில்லாமையின் பொருட்டு எவரிடமும் ஒரு காசு கேட்கத் துணிந்தாரல்லர்.

அபாவம் எவ்வாறு அறியப்படுகிறது என்பதைப் பல் வைத்தியசாலையில் காலை பத்து மணிக்குக் காண்பது போலப் பிறிதோரிடத்தில் தெளிவாகக் காண்பதரிது. நாற்காலியின் தலைப்பகுதிக்குப் புதிய பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கும். ஆட்டோகிளேவில் சுத்தி செய்யப்பட்ட கருவிகள், ஆவி பட்டதற்குச் சாட்சியாக நிறம் மாறிய குறியோடு கூடிய பைகளில், தட்டின்மேல் பிரிபடாமல் கிடக்கும். மார்பை மறைக்கும் காகிதத் துண்டு சிறு சங்கிலியில் கோக்கப்பட்டுத் தொங்கும். பல் சுத்தம் செய்யும் உதவியாளர் முன்னறைக்கு வந்து, பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் திரும்பிச் செல்வார். குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர் அனுபலப்தி என்று தனிப் பிரமாணமாக ஒப்புக்கொண்டது இந்தப் பார்வையைத்தான்: இருந்திருந்தால் காணப்பட்டிருப்பான்; காணப்படவில்லை; ஆகவே இல்லை. ஆயத்தமும் ஒரு மணி நேர ஊதியமும் வீணாயின என்னும் வைத்தியரின் முறையீட்டை அற்பமென்று தள்ளுவதற்கில்லை.

தார்க்கிகர் அபாவத்தை நால்வகையாகப் பகுத்தனர். பத்து மணி முதல் பத்தேகால் வரை நோயாளி வாராதிருத்தல், இனி வரவிருப்பதன் முன்னில்லாமையாகிய பிராகபாவம். இதற்குக் கட்டணம் இல்லை, வரவேற்பு மேசையிலுள்ள அம்மையாரின் புருவம் மட்டும் சற்றே உயரும். அதற்கு மேலும் நீடிப்பின் அதுவே முதிர்ந்து டி9986 ஆகிறது. ரத்துச் செய்தல், இருந்ததை அழித்தபின் எஞ்சும் பிரத்வம்சாபாவம். வைத்தியர் நோயாளி அல்லர், நோயாளி வைத்தியர் அல்லன் என்பது அந்யோந்யாபாவம். வைத்தியர் முக்கால் மணி நேரம் காக்கவைத்தால் அதற்கு எண் ஒன்றும் வகுக்கப்படாமை இதனால் விளங்கும். கட்டணச் சீட்டைக் கண்டு வெகுண்டு வேறு வைத்தியரிடம் போய்விட்டவனிடத்தில் உள்ளது முக்காலத்தும் இல்லாமையாகிய அத்யந்தாபாவம். அவன் முன்னொருகால் வந்தவனாயிற்றே என்று ஆக்ஷேபிப்பார்க்கு, பேரேட்டில் பெயர் அடிபட்டபின் வந்ததும் வாராததேயாம் என்று விடை கூறுக.

இனி மறுப்போர் கட்சி. டி9986 என்று எழுதிய சீட்டு வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வழக்கமாகப் பணம் தருவதில்லை. அவை மீமாம்சகருள் குமாரிலரோடு மாறுபட்ட பிரபாகரரின் மதத்தைத் தழுவியவை. வெறுந்தரை காணப்படுவதல்லது, குடத்தின் இல்லாமை என்று தனியே ஒரு பொருள் காணப்படுவதில்லை என்பது அம்மதம். ஏழைகளுக்குரிய மெடிகெய்ட் திட்டத்தில் நோயாளியிடம் இக்கட்டணம் கேட்பதற்கே தடை உண்டு. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டு ஒப்பந்த முறை மாறியது முதல், அரசாங்க சுகாதார சேவையின்கீழ்ப் பல் வைத்தியர் வாராமைக்குக் காசு வாங்க இயலாது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமோ 2022-இல் நடுவழி ஒன்று கண்டது: நேரம் குறித்தே நோயாளியை ஏற்கும் வைத்தியசாலை, சிவில் சட்டத்தின் 615-ஆம் பிரிவுப்படி ஊதியம் கேட்கலாம், ஆனால் வழக்கில் கண்ட பிள்ளைக்குச் சளி பிடித்திருந்தமையால், அந்நாளைய கொரோனா விதிப்படி வந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க முடியாது, ஆகவே கட்டணம் இல்லை.

அபராதம் விதித்தால் மக்கள் திருந்துவர் என்னும் யுக்தியும் பரிசோதனையில் நின்றதில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளைகளை அழைத்துப்போகப் பிந்தி வரும் பெற்றோர்க்கு 10 ஷெக்கல் அபராதம் விதித்துப் பார்த்தபோது, பிந்தி வருவோர் குறையவில்லை, பெருகினர்; அபராதத்தை நீக்கிய பின்னரும் அப்பெருக்கம் தணியவில்லை என்பது 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த க்னீஸி, ருஸ்டிகீனி இருவரின் ஆய்வால் அறியப்படும். பிராயச்சித்தம் செலுத்தியவனுக்குக் கூச்சம் எதற்கு? மேலும், குறியீட்டு நூல் கூறுவனவற்றுள் ஊசி வேண்டாதது, வலி தாராதது, வாயைத் திறக்கவும் வேண்டாதது டி9986 தான். 50 டாலருக்கு அது மலிவென்று நோயாளி கருதினால் அவன்மேல் குற்றமில்லை.

ஆதலின் சித்தாந்தமாவது: அபாவத்துக்குக் கட்டணம் வாங்குதல் தர்க்கத்தோடு பொருந்துவதே, ஆயினும் அவசியமானதன்று. எனாமலைத் துளைத்து, டென்டினைக் கடந்து, நரம்பிருக்கும் கூழை அடைவதற்குச் சொத்தை எவரிடமும் நேரம் கேட்டுக் காத்திருப்பதில்லை. சிறு அடைப்போடு முடியவேண்டியது ரூட் கனால் என்றும் அதன்மேல் கேப் என்றும் வளர்ந்து, வைத்தியர் இழந்த ஒரு மணி நேரத்தை வட்டியோடு அவருக்கு மீட்டுத் தருகிறது. அதற்கும் அஞ்சி ஒளிந்தவனுக்கு எஞ்சுவது டி7140, அதாவது பல்லைப் பிடுங்குதல். அவ்வாறு ஈற்றில் ஓர் இல்லாமை முறைப்படி உண்டாக்கப்பட்டதும், அதுவரை அபாவம் என்றொரு பொருளே கிடையாதென்று சாதித்த இன்சூரன்ஸ் கம்பெனியும் தன் மதத்தைத் துறந்து, தன் பங்குப் பணத்தைச் செலுத்த முன்வருகிறது.