'ஆன்' சேர்ந்தால் உளவு!

கேள்வி: ஆங்கிலக் கதை ஒன்றில், கதாநாயகன் சந்தைக் கூட்டத்தில் தன் நண்பனை 'ஸ்பை' செய்தான் என்று வருகிறது. நண்பனையே வேவு பார்ப்பானா?

பதில்: பாவம், அவனைச் சந்தேகிக்காதீர்கள். 'ஸ்பை' என்று வெறுமனே வந்தால் 'கண்ணில் பட்டான்' என்றுதான் பொருள். பின்னால் ஒரு 'ஆன்' ஒட்டிக்கொண்டால்தான் வேவு, ஒட்டுக்கேட்டல், பக்கத்து வீட்டு ஜன்னல் எல்லாம். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இது. மாலுமிகள் தூரத்துக் கப்பலைப் பார்க்கும் குழலுக்கும் 'ஸ்பைகிளாஸ்' என்றுதான் பெயர். அதில் ரகசியம் ஏதும் இல்லை.

நம் தெருப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் 'ஐஸ் பாய்' இருக்கிறதே, அதில் ஐஸும் கிடையாது, பாயும் கிடையாது. ஒளிந்தவனைக் கண்டதும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூவிய 'ஐ ஸ்பை'தான் இங்கே வந்து இப்படி உறைந்துபோனது!

பெயர்ச்சொல்லாக வந்தால் உளவாளிதான். அதிலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. எதிரி நாடு அனுப்பியவன் 'ஸ்பை'. நம் நாடு அனுப்பியவர் 'இன்டெலிஜென்ஸ் ஆபீசர்'. வள்ளுவருக்கு இந்தக் கூச்சம் இல்லை. 'ஒற்றாடல்' என்று தனி அதிகாரமே வைத்து, ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார்க்கச் சொல்கிறார். இப்போது செல்போனுக்குள்ளேயே புகுந்து பார்க்கும் மென்பொருள் வந்துவிட்டது. 'ஸ்பைவேர்' என்று அதை நேராகவே அழைக்கிறார்கள். தயாரிப்பவர்கள் மட்டும் 'பாதுகாப்புத் தொழில்நுட்பம்' என்பார்கள்.