எதையும் தற்செயலுக்கு விடாதவர்கள்

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே இருக்கும் டிஸ்னி வேர்ல்டைப் புகழ்வதென்றால் அதன் திட்டமிடலிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாங்குவது யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால், 1960களின் நடுவில் வெவ்வேறு கம்பெனிகளின் பெயரில் சதுப்பும் புதருமாகக் கிடந்த சுமார் 27,000 ஏக்கரைச் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்தார்கள். வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் இறந்தார், வேலை நிற்கவில்லை. 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறந்தது. அதன் முன்னால் விரிந்து கிடக்கும் ஏரி மனிதர் வெட்டியது. வெட்டிய மண்ணைக் கொண்டு பூங்காவின் தரையையே ஒரு மாடி உயர்த்தி, அடியில் ஊழியர்கள் நடமாடப் பாதைகள் அமைத்தார்கள். குப்பை குழாய்கள் வழியே காற்றால் உறிஞ்சப்பட்டுக் கண்ணில் படாமல் போய்விடும். 189 அடிக் கோட்டை அதைவிட உயரமாகத் தெரிவதற்காக, மேலே போகப்போக அதன் கற்களும் ஜன்னல்களும் சிறுத்துக்கொண்டே போகின்றன. நடைபாதையில் ஒட்டும் என்பதால் பூங்காக்களில் சூயிங் கம் விற்பதே இல்லை.

இவ்வளவு நுட்பமாக யோசித்த இடம் உலகத்தில் அதிகம் இல்லை. அங்கே எதுவும் தானாக நேர்வதில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து, அளந்து, தீர்மானித்திருக்கிறார்கள். கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையுமாக ஒரு வாரத்துக்குப் பெட்டி கட்டும் பெற்றோர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய பெருமை இதுதான்.

குழந்தைகளுக்கு அவர்கள் செய்திருக்கும் வசதிகள் உண்மையிலேயே பெரியவை. இன்று அங்கே இருக்கும் நான்கு பூங்காக்களிலும் குழந்தைப் பராமரிப்பு நிலையம் உண்டு. பாலூட்டத் தனியிடம், டயபர் மாற்ற மேடை, உணவைச் சூடாக்க மைக்ரோவேவ், உட்கார வைத்து ஊட்ட உயர நாற்காலி என எல்லாம் குளிரூட்டிய அறைக்குள். டயபர், பால்மாவு தீர்ந்துபோனால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஊழியர்கள் முகம் சுளிப்பதில்லை. வெயிலில் பிள்ளையைத் தூக்கி அலைந்த தாய்க்கு அந்த அறை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பூங்காவின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று, பூங்காவிலிருந்து தப்பி வந்து உட்காரும் இடம்.

மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை. மூன்று நிரம்பிவிட்டால் டிக்கெட் உண்டு. பத்து வயதுக்காரரும் பெரியவர்களும் கொடுப்பதைவிடச் சில டாலர்களே குறைவு. பிள்ளையை ஏறக்குறைய முழு மனிதராக மதிக்கும் கணக்கு இது. கூட்டம் நெரியும் விடுமுறை நாட்களில் மேஜிக் கிங்டத்தின் ஒரு நாள் டிக்கெட் 200 டாலரை ஒட்டி நிற்கிறது. உள்ளே போனபின் மதிப்பீடு மாறுகிறது. செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின் என்ற ரைடில் ஏற 38 அங்குல உயரம் வேண்டும், டியானாஸ் பயூ அட்வென்ச்சருக்கு 40, ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44, ட்ரானுக்கு 48. மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் 36, 37, 38 அங்குலத்தில் நிற்பவர்கள். உயரக் கட்டுப்பாடு பாதுகாப்புக்காக. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் கட்டணத்துக்கு வயதைப் பார்க்கிறார்கள், ரைடின் முன்னால் உயரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு அளவுகோல்களையும் அவர்கள் துல்லியமாகப் பின்பற்றுகிறார்கள்; இரண்டுக்கும் நடுவில் நிற்பது பிள்ளை.

அதற்கும் ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள்: ரைடர் ஸ்விட்ச். அப்பா ரைடில் போய்வரும் வரை அம்மா குழந்தைகளோடு வெளியே இருக்கலாம். பிறகு அம்மா மறுபடி முழு வரிசையில் நிற்காமல் போய்வரலாம். நியாயமான ஏற்பாடு, ஒழுங்காக நடக்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள், ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போனால் இது இன்னும் எளிதாகிறது. மூத்த குடிமக்களுக்கென்று கட்டணத்தில் சலுகை கிடையாது. பாட்டியும் பெரியவர்களுக்கான முழு டிக்கெட்டோடு உள்ளே வந்து, பேரக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நிழலைத் தேடி உட்கார்ந்திருப்பார். எல்லோரும் ரைடில் ஏறிவிடுகிறார்கள், ஒவ்வொருவராக.

வரிசையை அவர்கள் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் யாருமில்லை. பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட் மூன்று நிமிடம்கூட முழுதாக ஓடாது. அதற்கு ஒரு மணி நேரம் நிற்பது அங்கே சாதாரணம். அந்த ஒரு மணி நேரமும் அலுக்காமலிருக்க, சுவர்களில் கதை சொல்லி, விளக்குகளில் வித்தை காட்டி, வரிசையையே ஒரு காட்சியாக்கியிருக்கிறார்கள். ஸ்ட்ரோலரை வரிசைக்குள் கொண்டுபோக முடியாது. தூங்கும் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். வெளியே விட்டுப்போன ஸ்ட்ரோலரை ஊழியர்கள் நகர்த்தி, மற்றவற்றோடு நேர்கோட்டில் அழகாக நிறுத்திவைப்பார்கள். திரும்பி வரும்போது ஸ்ட்ரோலர் நிழலிலும் இருக்கலாம். குழந்தை அதில் இருந்திருக்காது.

காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்று கண்டுபிடித்ததும் அவர்களுடைய சாதனைதான். 1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தபோது அது இலவசம். நேரம் குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு வேறெங்காவது சுற்றிவிட்டு வந்தால் குறுகிய வரிசையில் போகலாம். பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு அது பேருதவி. சுமார் இருபது ஆண்டுகள் அது வெவ்வேறு வடிவங்களில் நடந்தது. 2021 அக்டோபரில் அதன் இடத்தில் ஜீனி ப்ளஸ் வந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலரில் தொடங்கி. இப்போது அதன் பெயர் லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ். அதன் உயர்ந்த வகையாக 2024இல் அறிமுகமான ப்ரீமியர் பாஸ், பூங்காவையும் தேதியையும் பொறுத்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 449 டாலர் வரை போனது. இதில் பிள்ளைகளுக்கென்று தனி விலை இல்லை. மூன்று வயதானவருக்கும் அப்பாவின் விலையே. இலவசமாக நடத்திக் காட்டிய ஒன்றைத் தாங்களே எடுத்துவிட்டு, அதற்குப் பணம் வாங்கி, வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று உணரவும் வைப்பது எளிய காரியமல்ல.

லைட்னிங் லேனை முன்பதிவு செய்யும் முறையும் ஒழுங்கானது. அவர்களுடைய ஹோட்டலில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்பே, மற்றவர்கள் மூன்று நாள் முன்பே, காலை ஏழு மணிக்கு ஃபோனைத் திறந்து பிடிக்க வேண்டும். ஹோட்டலில் தங்குபவர்களைப் பூங்காவுக்குள் அரை மணி முன்னதாக விடுவார்கள். இரவு வாணவேடிக்கை தொடங்க எட்டரை, ஒன்பது ஆகும். அது முடிந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாசலை நோக்கி நடப்பார்கள். மேஜிக் கிங்டத்துக்குக் காரில் வந்தவர்கள் ஏரியைப் படகில் கடந்தோ மோனோரயிலில் சுற்றியோ மறுகரைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரோலரை மடித்து ஏற வேண்டும். நான்கு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்கவியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பூங்காவின் ஒரு நாளில் முதல் அரை மணிக்கும் கடைசி அரை மணிக்கும் நேர்த்தியாக இடம் ஒதுக்கியிருக்கிறது. தூக்கத்துக்கு ஒதுக்கப்படவில்லை.

நீண்ட விடுமுறை எடுக்க அவர்களைப் போல ஊக்குவிப்பவர்களும் இல்லை. ஒரு நாள் டிக்கெட் விலை கூடியது. நாட்கள் கூடக்கூட, ஒரு நாளுக்கு விழும் விலை குறைந்துகொண்டே வரும். ஆறாவது நாளையும் ஏழாவது நாளையும் சேர்த்துக்கொள்வதுதான் சிக்கனம் என்று கணக்கே சொல்லும். இப்படி வாங்கிய நாட்களைக் குறித்த கெடுவுக்குள் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் காலாவதியாகிவிடும். நான்காம் நாள் காலையில் குழந்தைக்கு லேசாகச் சூடு அடிக்கிறது, பெரியவன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையிலேயே இருந்தால் அது ஓய்வு என்று தோன்றாது, நஷ்டம் என்றுதான் தோன்றும். விடுமுறையில் ஓய்வெடுப்பதை நஷ்டமாக நினைக்க வைப்பதற்கு அசாத்தியத் திறமை வேண்டும். பள்ளி விடுமுறை விழும் கோடையில் ஆர்லாண்டோவின் பகல் வெப்பம் 33 டிகிரியைத் தொடும், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும், மின்னலுக்காகத் திறந்தவெளி ரைடுகள் நிற்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை நேரடி வெயிலில் வைக்கவே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. காலாவதித் தேதி அந்த அறிவுரையையும் பார்ப்பதில்லை.

பிள்ளைகளின் ஆசையை அறிந்தவர்கள் என்ற புகழும் அவர்களுக்கே உரியது. பல ரைடுகளிலிருந்து வெளியே வரும் வழி கடைக்குள் போகிறது. கடையின் கீழ்த்தட்டுகள் மூன்று வயதுக் கைக்கு எட்டும். மூன்று வயதிலிருந்து பெண்குழந்தைகளை இளவரசியாக அலங்கரித்துவிடும் அறை இருக்கிறது. நூறு டாலரிலிருந்து மேலே போகும். அவர்களுடைய ஹோட்டலில் தங்குபவர்கள் 2013இல் வந்த மேஜிக் பேண்ட் என்ற பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், அதைத் தொட வைத்தே பணம் கட்டிவிடலாம். பர்ஸைத் திறக்கும் அந்த ஒரு கணத் தயக்கம்கூட வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வேலை மட்டும் பெற்றோருடையது. பகல் முழுவதும் ஆசையை மூட்டுவது நிறுவனம், அதை அணைப்பது அம்மா. பிள்ளையின் நினைவில் யார் நல்லவராகத் தங்குவார்கள் என்பதையும் இந்த வேலைப் பங்கீடு தீர்மானித்துவிடுகிறது.

இந்தப் பூங்காக்கள் பிறந்த கதையை வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க்கின் குதிரை ராட்டினத்தில் அவருடைய மகள்கள் சுற்றிக்கொண்டிருக்க, அவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியது. 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அந்தப் பெஞ்சில் தோன்றிய எண்ணம் எவ்வளவு உயர்ந்ததோ, அதைக் காப்பாற்றும் ரைடுகளும் அவ்வளவு உயர்ந்தவை. மேஜிக் கிங்டத்தின் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டில் கைக்குழந்தை முதல் பாட்டி வரை ஒரே படகில் உட்காரலாம். உயரம் கேட்பதில்லை, பத்து நிமிடத்துக்கு மேல் போகும். அந்தப் படகில் மடியிலிருக்கும் குழந்தை பொம்மைகளைப் பார்த்துக் கண் விரிப்பதை வீடே சேர்ந்து பார்க்கிறது. அதுதான் அந்த இடம் தந்த வாக்குறுதி, அங்கே அது நிறைவேறுகிறது. டம்போ யானை ராட்டினத்தையும் அப்படித்தான் யோசித்தார்கள். 2012இல் அதை இரண்டு ராட்டினமாக்கி, பெற்றோர் கையில் ஒரு சிறு கருவியைத் தந்து, முறை வரும்வரை பிள்ளைகள் குளிர்ந்த கூடாரத்துக்குள் ஓடி விளையாடும்படி அமைத்தார்கள். வரிசையில் நிற்காமலே காத்திருக்கலாம் என்று உலகத்துக்கே காட்டினார்கள்.

ஆகவே அவர்களைப் பற்றி யாரும் தாழ்வாகப் பேசக் கூடாது. சிறு குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு என்ன தேவை என்பது அவர்களுக்குத் தெரியாது என்று சொன்னால் அது அவதூறு, டம்போவே சாட்சி. இலவசமாகச் செய்ய வழியில்லை என்று சொன்னால் அதுவும் பொய். இருபது ஆண்டு ஃபாஸ்ட்பாஸ் சாட்சி. காய்ச்சலில் படுத்த குழந்தைக்காக ஒரு நாளைத் தள்ளிப்போட்டுத் தருவதோ, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோடு வருபவர்களை உட்காரவைத்துக் கூப்பிடுவதோ, ஒரு ரைடிலும் ஏற முடியாமல் குழந்தையோடு உட்காரப்போகும் பாட்டிக்குக் கட்டணத்தைக் குறைப்பதோ, ஏரி வெட்டியவர்களுக்குக் கடினமான வேலையா? இடம் இல்லை, பணம் இல்லை, யோசிக்க ஆள் இல்லை என்ற மூன்று சாக்கும் சற்றும் பொருந்தாத நிறுவனம் இது. அவர்கள் செய்ததெல்லாம் தெரிந்து செய்தது என்ற புகழை முழுமையாகக் கொடுத்துவிடுவோம். செய்யாமல் விட்டதும் தெரிந்தே விட்டதுதான் என்பது அந்தப் புகழுக்குள்ளேயே அடக்கம்.