துப்பறியும் அங்கிள்

ஸ்கூடாய், தம்போய், மாசாய் என்று ஜோகூர் பாருவைச் சுற்றி எந்தத் தாமானுக்குப் போனாலும் அங்கே ஒரு துப்பறியும் அங்கிள் இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாசல் கிரில்லுக்கு மூன்று பூட்டு போட்டிருப்பார். அலமாரியில் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா. அவர்கள் தலைக்கு மேல், மகள் வாங்கிக் கொடுத்த ‘கான் கேர்ள்’. கொலை, விஷம், பூட்டிய அறை, புருஷனை மாட்டிவிடப் பெண்டாட்டி எழுதிய டைரி என்று படித்துக்கொண்டே இருந்தால் மனசு கெட்டுப்போகாதா என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். கெடாது. அந்தத் தாமானிலேயே ஆபத்தில்லாத மனிதர் அவர்தான். சொந்தமாக ஒரு ரகசியம் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்தான் காசு கொடுத்து அடுத்தவர் ரகசியத்தை வாங்கிப் படிக்கிறார் என்பது என் கட்சி.

ரகசியத்துக்கு முதலில் இடவசதி வேண்டும். 1911-ல் கோலாலம்பூரில், ஒரு பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியருடைய மனைவி எத்தல் பிரவுட்லாக், கணவர் வெளியே போயிருந்த இரவில் வீட்டுக்கு வந்த ஓர் ஆளைச் சுட்டுக் கொன்றார். மானத்தைக் காக்கச் சுட்டேன் என்றார். நீதிமன்றம் நம்பாமல் தூக்குத் தண்டனை விதித்தது. சிலாங்கூர் சுல்தான் மன்னித்தார். சாமர்செட் மாம் இதை ‘தி லெட்டர்’ என்ற கதையாக்கியபோது, சம்பவத்தை ரப்பர் தோட்டத்துப் பங்களாவுக்கு மாற்றினார். குட்டை உடைக்கும் ஒரு கடிதத்தையும் கற்பனையாகச் சேர்த்தார். இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார். அதே தோட்டத்தின் லயத்தில் அந்தக் கதை இரண்டு பக்கம் தாண்டாது. அந்தக் காலத்துப் பல லயங்களில் வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து கஷாயம் வரும். ராத்திரி நடந்த சண்டை விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணியின் வாயில் இருக்கும். அந்த லயத்து வழியில் வந்த அங்கிளுக்கு ரகசியம் என்பது இறக்குமதிச் சரக்கு.

தாமான் வீட்டில்தான் சுவர் கூரைவரை போகிறதே, இப்போதாவது ரகசியம் இருக்காதா என்று கேட்கலாம். அங்கிளும் அந்த நம்பிக்கையில்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். எதிர்வீட்டுப் பையன் விடிகாலை நான்கு மணிக்கு ஹெல்மெட்டோடு கிளம்புவதையும் இருட்டிய பிறகு திரும்புவதையும் நாள் தவறாமல் குறித்து வைப்பார். சிங்கப்பூரில் வேலை, பாலத்தில் ஜாம் ஆகுமுன் போகிறான், ஜோகூர் பாருவில் பாதிப் பேர் அப்படித்தானே என்று சொல்லிப் பாருங்கள். “அதான் விஷயமே! சந்தேகம் வராத ஆள்தான் கடைசியில மாட்டுவான்,” என்பார். ஆன்ட்டியோ பசார் மாலாமில் கீரை வாங்கிய நேரத்துக்குள் அந்தப் பையனின் கம்பெனி, சம்பளம் எத்தனை சிங்கப்பூர் வெள்ளி, பார்த்து வைத்திருக்கும் பெண் எந்த ஊர் என்பதுவரை தெரிந்துகொண்டு வந்துவிடுவார்.

நாவலை இரவல் கொடுக்கும்போதே கொலைகாரன் பெயரைச் சொல்லிவிடுகிறார் என்று அங்கிள்மேல் இன்னொரு புகார் உண்டு. இதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011-ல் சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெவிட், கிரிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் நடத்திய ஆய்வில், முடிவு முன்பே தெரிந்தவர்கள் கதையைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். (பின்னால் வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகச் சொல்கின்றன; அங்கிள் காதில் போடவேண்டாம்.) எப்படியானாலும், அச்சடித்து விற்கிற ரகசியத்தையே வயிற்றில் வைத்திருக்க முடியாத ஆளால் யாருக்கு என்ன ஆபத்து?

பழைய நாவல்களில் விவேக் வந்து விலங்கு மாட்டுவார், சரி. இந்தப் புதிய மனோதத்துவக் கதைகளில் செய்தவள் தப்பித்துக் குடித்தனமே நடத்துகிறாளே, அது கெட்ட பாடம் இல்லையா என்பது கொஞ்சம் கனமான கேள்வி. அங்கிள் ‘கான் கேர்ள்’ படித்த விதமே பதில். கடைசிப் பக்கம் வந்ததும், மிச்சப் பக்கங்கள் கிழிந்துவிட்டனவா என்று தைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார். “போலீஸ் எங்கே?” என்று மகளைக் கேட்டார். (முடிவைச் சொல்லிவிட்டேன், சான்டியாகோ ஆய்வு என் பக்கம்.) குற்றவாளி அகப்படுவதைப் பார்க்கத்தான் அவர் படிக்கிறார். தப்பிப்பது அவருக்குப் பணம் வீணான மாதிரி.

ஆனாலும் அவரிடம் ஒரே ஒரு ரகசியம் உண்டு, அதுவும் ஆபத்தானதுதான். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். அங்கிளும் அதில் ஒருவர். வீட்டில் சீனியில்லாத தே ஓ. மாமாக் கடையில் கட்டிப்பால் தூக்கலாகத் தே தாரிக். குடித்ததும் வாய் கொப்பளிப்பார், மீசையைத் துடைப்பார், வேறு ரோடு வழியாக வீடு திரும்புவார். பிடிபட்டால் சொல்ல, சங்கர்லாலும் தேநீர் குடித்துத்தான் யோசிப்பார் என்ற பதில் தயார். ஆன்ட்டி கேட்பதே இல்லை. வாழ்நாளில் ஒரு மர்ம நாவலும் தொட்டவரில்லை அவர். மாமாக் கடைக்குப் போன நாள்களில் மட்டும் அங்கிளின் ராத்திரித் தட்டில் சோறு ஓர் அகப்பை குறைகிறது. அது ஏன் என்று அங்கிள் இன்னும் துப்புத் துலக்கவில்லை.