வாவிப் படத்தில் தோணியின் இன்றியமையாமை: ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறதா, சிப்பி பாடுகிறதா என்று மண்டையை உடைத்துக்கொண்ட அறிஞர்கள் பலர். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் அந்த ஒலியைப் பற்றி விரிவாகவே எழுதி வைத்தார். புளியந்தீவுக் கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஆனால் கமரா பழக வருகிறவர் எடுக்கும் வாவிப் படம் ஒவ்வொன்றிலும் ஒரு தோணியும் அதில் ஒரு மனிதரும் நிற்பது ஏன் என்ற வினாவை ஆராய்ச்சி உலகம் கண்டுகொள்ளவே இல்லை. அப்பெருங்குறையைப் போக்கும் பொருட்டே இச்சிறு கட்டுரை.

முதலில் ஆய்வுக்களம். கல்லடியின் பழைய இரும்புப் பாலம் ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரைத் தாங்கியது. 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்த பிறகு பழையதற்குப் பாரம் குறைந்தது. தூண்டில்காரருக்கும் கமராக்காரருக்கும் இடம் கிடைத்தது. ஆய்வுக்குரிய உயிரினம் ஒரு வாத்தியாரும் ஐந்தாறு மாணவரும் கொண்ட சிறு கூட்டம். அதற்கு மேல் போனால் முக்காலிகளின் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ‘அழகிய தீவில் நிலக்காட்சிப் பயிற்சி’ என்று கேள்விப்பட்டு, தென்னை சூழ்ந்த மணல்திட்டைக் கற்பனை செய்தபடி வருபவர்களைப் புளியந்தீவு கடைத்தெருவும் வங்கியும் தேவாலயமும் புனித மிக்கேல் கல்லூரியுமாக வரவேற்கும். ஏமாற வேண்டியதில்லை. சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது, ஆகவே தீவுதான்.

நிலக்காட்சிக்கு இலக்கணம் வகுத்தவர் என்று கமரா வாத்தியார்கள் 1797இல் ‘மூன்றில் ஒரு பங்கு’ விதியை எழுதிய ஜோன் தோமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயரைக் காட்டுவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் எப்போதோ தீர்த்துவிட்டார். நெய்தலுக்கு எற்பாடு, மருதத்துக்கு வைகறையும் விடியலும். இதை மட்டக்களப்பில் வைத்துச் சோதித்தால் மயிர்க்கூச்செறியும். கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரை நெய்தல். வாவிக்கு மேற்கே வயல் விரிந்த படுவான்கரை மருதம். எழுவான்கரையில் நின்று வாவியைப் பார்த்தால் அந்திச் சூரியன் எதிர்க்கரையில் இறங்குவது தெரியும். படுவான்கரை வரம்பில் நின்று வாவியைப் பார்த்தால் விடியற்சூரியன் எழுவான்கரையில் ஏறுவது தெரியும். நெய்தலில் மாலை, மருதத்தில் காலை! தொல்காப்பியர் தோணி ஏறி இங்கு வந்திருக்கவேண்டும் என்று வாதிட எனக்கு ஆசைதான், சான்று போதாது. உரிப்பொருளும் அப்படியே பொருந்துகிறது. நெய்தலின் இரங்கல், சூரியன் தண்ணீரைத் தொடும் நேரம் பற்றரி தீர்ந்தவர் முகத்தில் காணப்படும். மருதத்தின் ஊடல், விடிய நாலு மணிக்கு அலாரம் வைத்து வீட்டாரையும் எழுப்பியவர் வீட்டில் நடக்கும்.

பொழுதைப் பற்றி இன்னொன்று. ‘பொன்மணி நேரம்’ என்று வாத்தியார் சொல்வதில் மணி என்பது மிகைக்கூற்று. சூரியன் அடிவானுக்கு மேலே ஆறு பாகையிலிருந்து கீழே நாலு பாகை வரை நிற்கும் நேரம் என்பது கமராக்காரர் கணக்கு. ஏழே முக்கால் பாகை வடக்கிலிருக்கும் நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். மணிக்குப் பதினைந்து பாகை என்றால் பத்துப் பாகைக்கு நாற்பது நிமிடமும் கொஞ்சமும். கோடையில் இலண்டன்காரருக்கு இதைவிட வெகுநேரம் கிடைக்கும். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தும் எடுக்கலாம். நம்மவர் ஒன்றில் தேத்தண்ணி குடிக்கலாம், அல்லது படம் எடுக்கலாம்.

இனித் தோணி. மட்டக்களப்பு தட்டையான நிலம். வாவியோரத்தில் மலை இல்லை, பாறை இல்லை. கமராவைத் திருப்பிய திசையெல்லாம் மேலே வானம், நடுவே கண்டலும் தென்னையும் மெல்லியதொரு கோடு, கீழே தண்ணீர். வெறுமனே எடுத்தால் ஏதோ ஒரு நாட்டுக் கொடி போலத்தான் இருக்கும். அந்தத் தண்ணீர்ப் பட்டையில் ஒரு தோணியை வைத்தால் வானம் எவ்வளவு பெரியது, கரை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அளவாகத் தெரியத் தொடங்கும். கண் போய் உட்கார ஓர் இடம் கிடைக்கும். வாத்தியார் இதைச் சொல்லித் தருவதற்கு முன்பே மாணவர் கண்டுபிடித்துவிடுகிறார். அதன் பிறகு அன்று வேறெதையும் அவர் பார்ப்பதில்லை.

ஆனால் தோணிக்காரர் அசைவார். நியெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1820களில் தம் ஜன்னலிலிருந்து எடுத்த படம், இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்படம்; எடுக்கப் பல மணி நேரம் ஆனதால் அதில் ஆளே இல்லை. 1838இல் டாகுவேர் எடுத்த பாரிஸ் தெருவில், சப்பாத்துக்குப் பொலிஷ் போட அசையாமல் நின்றவர்தான் ஆளாகத் தெரிகிறார். நம் மாணவரும் அதே இக்கட்டில்தான் இருக்கிறார். நிலக்காட்சி என்றால் எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, முக்காலி என்று முதல் பாடத்தில் எழுதிக்கொண்டவர் அவர். விடியல் வெளிச்சத்தில் அதற்குச் செக்கனில் பதினைந்தில் ஒரு பங்காவது மூடி திறந்திருக்க வேண்டும். தோணிக்காரரோ வீச்சுவலையின் ஒரு பாகத்தை முழங்கையில் மடித்துப் போட்டு, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி விடுகிறார். வலை வட்டமாக விரிந்து, ஈயக்குண்டுகள் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு செக்கன் போதும். அதை நிறுத்திப் பிடிக்க ஐந்நூறில் ஒரு பங்கு வேண்டும். எஃப் 4க்கு வந்து ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் கணக்குச் சரியாகும். மாணவர் அந்தக் கணக்கை முடிக்கும்போது வலை தோணிக்குள் வந்து, இறாலும் பிரிக்கப்பட்டுவிடும்.

அப்போது பின்வரும் உரையாடல் நிகழ்கிறது. ஆய்வு நோக்கில் இது மிக முக்கியமான ஆவணம்.

“ஐயா, இன்னொருக்கா இந்தப் பக்கமா வீசுவீங்களா? வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு.”

“மீன் அந்தப் பக்கம்தானே நிக்கிது, மனே.”

இதற்கு எந்தக் கமராப் புத்தகத்திலும் பதில் கிடையாது. தொழில் அறிவில் தோணிக்காரர் வாத்தியாருக்கும் மேல் என்பது என் முடிவு. கச்சான் காற்று கிளம்பிவிட்டால் வாவி நெளிந்து, வானத்தின் நிழல் உடைந்துபோகும் என்பதும், விடியப்புறமே தண்ணீர் அமைதியாயிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். வாடையில் மழை வெள்ளம் வந்து முகத்துவார மணல்மேடு வெட்டுப்பட்டால் தண்ணீர் மட்டம் இறங்கும், நேற்று எடுத்த இடத்தில் இன்று சேறுதான் என்பதும் தெரியும். சந்தையில் விலைபோகும் இந்த அறிவைப் பயிற்சிக் கட்டணம் வாங்காமல் வைத்திருக்கிறார்.

பௌர்ணமி இரவுப் பயிற்சி தனி நூலுக்குரியது. சவளின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்து மீன் பாட்டைக் கேட்பது ஊர் வழக்கம். இதைக் கமராவால் எடுக்க முடியாது என்று தெரிந்தும் மாணவர் தோணிக்குள் முக்காலியை விரிக்கிறார். முக்காலி அசையவில்லை, தோணி அசைகிறது. பத்துச் செக்கன் திறந்து வைத்த படத்தில் நிலா புழுவாக நெளிந்து கிடக்கும்.

கமராவோடு கல்லடிக்கு வரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தில் நின்றவரிடம் போன் இருக்கும். நம்பர் கேட்டு, எடுத்ததை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். கரைக்கு வந்ததும் ஒரு கிலோ இறாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குப் பிறகு வெளிச்சமும் கெட்டுவிடும், நல்ல இறாலும் விற்றுத் தீர்ந்துவிடும்.