எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு

இந்தத் தலைப்பைப் படித்ததும் உங்கள் மனதில் ஒரு முகம் தோன்றியிருந்தால், அவரேதான். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் அவருக்கு மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி. முதல் வரிசையில் உட்கார்ந்தால் சால்வை போட வருகிறவர்கள் மறைப்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் அவர் குரல் பேச்சாளருக்குக் கேட்காது. எல்லாம் யோசித்துத் தேர்ந்த இடம். மடியில் ஒரு மஞ்சள் பை. பேச்சாளர் ஏதாவது ஒரு பொருளின் பெயரைச் சொல்ல வேண்டியதுதான் தாமதம், ஓர நாற்காலி கிறீச்சிடும்.

"இதே மாதிரி எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு சார்."

எந்தப் பொருள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கல், செம்பு, மரம், ஓலை, தந்தம் எதுவானாலும் சரி. ஒருமுறை தொல்பழங்காலம் பற்றிய உரை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரியின் படத்தைத் திரையில் போட்டார் பேராசிரியர். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கே அந்த ஒரு கல்தான் வாசல் திறந்தது என்று அவர் சொல்லி மூச்சு வாங்குவதற்குள், "இந்தக் கல்லுங்க எங்க கொல்லையில நிறையக் கிடந்துச்சு, மாங்கா அடிப்போம்" என்று குரல் வந்தது. பேராசிரியர் சளைக்காமல் அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே கிடைத்த கற்கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்றார். நம்மவர் சற்று யோசித்தார். "எங்களதும் பழைய கல்லுதான்" என்றார்.

கோடை விடுமுறையில் தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி நடக்கும். பெரும்பாலும் பெண்கள், கொஞ்சம் கல்லூரிப் பிள்ளைகள். பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுக்கான் பூசிக் காயவைத்து, வழவழவென்று தேய்த்து, படத்தைக் கோடிழுத்து, குழைத்த சுக்கானால் நகைகளை மேடு தட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, இத்தனைக்கும் பிறகுதான் வண்ணத்தைத் தொடவே முடியும். ஆசிரியர் நிதானமானவர். அவசரப்படுகிறவர்களுக்குக் காயாத சுக்கானில் விரல் வைத்துக் காட்டுவார். அவருடைய நிதானத்தையும் நம்மவர் சோதித்துப் பார்த்தார்.

நம்மவர் பயிற்சிக் கட்டணம் கட்டவில்லை. பலகையும் வாங்கவில்லை. "சும்மா பார்க்கலாம்னு வந்தேன்" என்று வந்து நின்றவர், முதல் மேசையிலேயே தொடங்கிவிட்டார். "இந்தக் கிருஷ்ணர் எங்க கூடத்துல இருந்தாரு. இவ்ளோ பெருசு." கை முட்டி வரை காட்டினார். இரண்டாவது மேசைக்குப் போனபோது கிருஷ்ணர் இடுப்பு வரை வளர்ந்திருந்தார். கடைசி மேசையில் ஒரு கல்லூரி மாணவி வாயைப் பிளந்து கேட்டதில் உற்சாகமாகி, கதவைவிட உயரம் என்று ஆக்கிவிட்டார். வெண்ணெய் திருடிய பிள்ளை அவ்வளவு வேகமாக வளர்ந்ததாக பாகவதத்தில்கூட இல்லை.

"அந்தப் படம் இப்ப எங்கே சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். புதியவள், பாவம். பழகியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டோம்.

"கறுத்துப் போச்சும்மா. வெள்ளையடிக்க வந்தவன் கேட்டான், குடுத்துட்டேன். சட்டம் மட்டும் இருக்கு. பர்மா தேக்கு! அதுல பொண்ணு பட்டம் வாங்குன போட்டோவ மாட்டியிருக்கேன்."

அவர் வாழ்க்கையின் முழு வரலாறும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று, எங்க வீட்ல இருந்துச்சு. இரண்டு, போட்டாச்சு. பித்தளை அண்டா எவர்சில்வர் வந்ததும் போட்டாச்சு. குத்துவிளக்கு ஜோடியில் ஒன்று தங்கச்சி கல்யாணத்தில் போனது, ஜோடியில்லாத விளக்கு வீட்டுக்கு ஆகாது என்று இன்னொன்றும் போட்டாச்சு. பல்லாங்குழிப் பலகை, கரையான். ஊஞ்சல், ஃபிளாட்டில் மாட்ட இடமில்லை. கண்ணாடி ஓவியம், பேரன் பந்து. ஒரு அருங்காட்சியகத்தையே கட்டி எழுப்பும் அளவுக்கு ஒரு குடும்பம் பொருள் சேர்த்ததும், அதே குடும்பம் அத்தனையையும் பழைய பாத்திரக்காரரின் தராசில் ஏற்றியதும் அவர் வாயால் கேட்க வேண்டும். குரலில் துளி வருத்தம் இருக்காது. இருந்தது என்பதே அவருக்குப் போதும். இருக்கிறது என்பது பராமரிப்புச் செலவு.

மஞ்சள் பைக்குள் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் ஒரு பொட்டலம். நாணயங்களைப் பற்றிப் பேச வந்தவரிடம் அதை அவிழ்த்தார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், 1818 என்று ஆண்டு. பார்த்தவுடன் பேச்சாளருக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் விற்கிற வில்லை அது, ஊர் ஊராகப் பலர் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று மென்மையாகச் சொன்னார். நம்மவர் அசரவில்லை. "இது அரிசிய இழுக்கும்னு சொல்றாங்களே, அது உண்மையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அரிசியை இழுக்கும் இரிடியம் என்று சொல்லி விற்கும் கும்பலிடம் ஏமாந்தவர்கள் செய்தி பத்திரிகையில் வராத மாதம் ஏது? அந்தச் செய்தியை அவர் எச்சரிக்கையாகப் படிக்கவில்லை, விலைப்பட்டியலாகப் படித்திருக்கிறார்.

ஒரே ஒரு கூட்டத்தில் மட்டும் அவர் வீட்டில் எதுவுமே இருந்ததில்லை. புதையல் சட்டம் பற்றி ஒரு வழக்கறிஞர் பேசிய நாள் அது. 1878-ல் வந்த சட்டம், இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்கடியில் 10 ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு என்று அவர் விளக்கினார். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது செப்புத் திருமேனி கிடைத்த ஊர்களைச் சொன்னார். எல்லோரும் அனிச்சையாக மூன்றாவது வரிசையைப் பார்த்தோம். நம்மவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாட்சியர் அம்மாதான் விடாமல், "உங்க கொல்லையில ஏதோ தாழி கிடைச்சதுன்னு போன தடவை சொன்னீங்களே சார்?" என்று கேட்டார். "அது பக்கத்து வீட்டுக் கொல்லைம்மா" என்றார் அவர்.

இதுவரை சிரிக்கலாம். அடுத்ததில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மரபு வாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வெட்டு மைப்படி எடுக்கும் பயிற்சி. கல்லைக் கழுவி, ஈரத் தாளை அதன்மேல் படியவிட்டு, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கவேண்டும். பிறகு துணிப் பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மேடு கறுக்கும், எழுத்து எழுந்து வரும். தாள் சரியான ஈரத்தில் இருக்கும் சில நிமிடங்களுக்குள் இது நடந்தாக வேண்டும். காய்ந்தால் தாள் கல்லை விட்டுக் கிளம்பிவிடும். பிள்ளைகள் மைப் பந்தோடு தயாராக நின்றார்கள். நம்மவர் சரியாக அப்போதுதான் எழுந்தார்.

"இந்த மாதிரி எழுத்து போட்ட கல்லு எங்க ஊர்லயும் இருந்துச்சு. வில்லு புடிச்ச மாதிரி ஒரு ஆளு செதுக்கியிருக்கும், மேல எழுத்து. எங்க கெணத்தடியில துவைக்கிற கல்லா கிடந்துச்சு."

காப்பாட்சியர் அம்மா பிரஷ்ஷை அப்படியே நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதில் நியாயம் இருக்கிறது. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்து பொறித்த நடுகற்கள் கிடைத்த பிறகு, வில் பிடித்த ஆள், மேலே எழுத்து என்று யார் சொன்னாலும் அந்தத் துறைக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். "எந்த ஊர் சார்? இப்பவும் அங்கேதான் இருக்கா?"

"எழுத்துப் பக்கம் சொரசொரன்னு இருக்கும், அழுக்கு நல்லா போகும். வீடு கட்டுறப்ப அஸ்திவாரத்துல எறக்கிட்டோம். என்னா ஸ்ட்ராங்குங்கிறீங்க!"

பாதித் தாள்கள் அதற்குள் காய்ந்துபோயின. ஒரு சிறுமி கையில் மைப் பந்தோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாரோ ஒருவன் மாடுகளை மீட்கப் போய்ச் செத்திருப்பான். ஊர் கூடி அவனுக்குக் கல் நட்டிருக்கும். அந்தக் கல்லில் இவர் வேட்டி துவைத்திருக்கிறார், பிறகு அதன்மேல் பாத்ரூம் கட்டியிருக்கிறார். போகட்டும், அன்று தெரியாது. தெரிந்த பிறகும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டால் பட்டா, வழக்கு என்று பயந்து மழுப்புகிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போன உ.வே. சாமிநாதையரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களாவது சாஸ்திரம் அப்படிச் சொல்கிறது என்று நம்பினார்கள். இவருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. கொடுக்கவும் மாட்டார், இடத்தைச் சொல்லவும் மாட்டார், இருந்ததைச் சொல்லாமல் இருக்கவும் மாட்டார். கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரின் நேரத்திலும் பங்கு கேட்பார்.

இப்படியெல்லாம் கறுவிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் மனிதர் வேறு மாதிரி ஒரு காரியம் செய்து நம் வாயை அடைப்பார். அளவைகள் கண்காட்சி நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரக்கால். கீழே அட்டையில் மூன்று சொல்: மரக்கால், மரம், நன்கொடை. பிள்ளைகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நம்மவர் அங்கே நின்று, யாரும் கேட்காமலே, இல்லாத நெல்லை இல்லாத மரக்காலால் அள்ள ஆரம்பித்தார். களத்து மேட்டில் அளக்கிறவன் ஒன்று என்று தொடங்கமாட்டான். "லா...பம்" என்று இழுத்தார். பிறகு ரெண்டு, மூணு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ராகம், அடுத்த மரக்கால் விழும்வரை எண் வாயிலேயே நிற்கவேண்டும், இல்லையென்றால் கணக்கு தவறும். 12 மரக்கால் வந்ததும் ஒரு கலம், ஓரமாக ஒரு பிடி நெல் அடையாளத்துக்கு. குவித்து அளப்பது யாருக்கு, தலைதட்டி அளப்பது யாருக்கு, கூலிக்காரர் சாக்கைப் பிடிக்கும்போது பண்ணை ஆளின் விரல் எங்கே இருக்கும் என்று விரல் உட்படக் காட்டினார். போன பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். காப்பாட்சியர் அம்மா சத்தமில்லாமல் செல்போனில் பதிவு பண்ணிக்கொண்டிருந்தார். அந்த அட்டையில் அச்சேறாத ஒரு காலம் முழுவதும் இந்த மனிதரின் தொண்டைக்குள் இருந்தது. நான்கூடக் கைதட்டினேன்.

"அந்த மரக்கால் இப்ப..." என்று ஒரு பையன் தொடங்கினான். நான் அவன் தோளைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போய்விட்டேன். வெந்நீர் அடுப்பு என்ற பதிலைக் கேட்க அன்று எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதே அரங்கத்தில் எழுத்தாளர் சந்திப்பு. அங்கே காட்ட மரக்காலும் இல்லை, மைப் பந்தும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தவர்கள் ஏமாந்தோம். பொருளுக்குப் பதில் கதை. "இந்தக் கதை எங்க வீட்ல நடந்தது சார்." கரிசல்காட்டுக் கதை, மீனவர் கதை, சிங்கப்பூர்க் கதை எல்லாமே அவர் வீட்டில் நடந்திருக்கின்றன. சோழர் காலத்து நாவல் எழுதியவரிடம்கூட, "எங்க பாட்டனாரும் ஒரு குளம் வெட்டுனாரு" என்று சொல்லி ராஜராஜனைப் பங்காளி ஆக்கிக்கொண்டார். புத்தகத்தைப் படித்துவிட்டா வருகிறார்? பின்னட்டைகூடப் படிப்பதில்லை. வாங்குவதும் இல்லை. நம் வீட்டுக் கதையை நாமே காசு கொடுத்து வாங்குவானேன் என்ற எண்ணமாக இருக்கலாம்.

சமீபத்தில் ஒரு நாவலாசிரியர் வந்திருந்தார். பாகப்பிரிவினை பற்றிய நாவல். அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்தில் தம்பியிடம் கையெழுத்து வாங்கி வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்கிறான். தம்பி வெளியே வேப்பமரத்தடியில் நின்று அழுகிறான். அந்த இரண்டு பக்கத்தைத்தான் அவர் படித்துக் காட்டினார். நன்றாகவே இருந்தது. முடித்துப் புத்தகத்தை மூடியதும் ஓர நாற்காலி கிறீச்சிட்டது.

"இது அப்படியே எங்க வீட்ல நடந்தது சார்."

நாவலாசிரியர் ஊர் ஊராகப் போய்ப் பழகியவர். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "அப்படிங்களா அய்யா? நீங்க அண்ணனா, தம்பியா?"

அரங்கம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. நம்மவர் சிறிது நேரம் நின்றார், பிறகு மஞ்சள் பையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பின் கூட்டம் முடியும்வரை எதுவுமே அவர் வீட்டில் நடக்கவில்லை.

தேநீர் நேரத்தில் வடையோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார்.

"மூத்தவன்தான் சார் நானு. ஆனா அவரு எழுதியிருக்கிறது தப்பு. ஏமாத்தி வாங்குனான்னு போட்டிருக்காரு பாருங்க. யாரு ஏமாத்துனா? நான் பத்திரத்த நீட்டுனேன், அவன் போட்டான். படிச்சுப் பார்க்காம போட்டது அவன் தப்புதான?"