காந்தி தைத்த செருப்பு

எங்கள் காவேரிப்பாக்கத்தில் காந்தி ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நினைவுக்கு வருகிறார். அக்டோபர் 1 மாலையில். டாஸ்மாக் பக்கம் அன்று போய்ப் பார்த்தால் தெரியும். நாளைக்குக் கடை இல்லை என்பதால் பெரியவரும் சிறியவரும் வேறுபாடின்றி வரிசையில் நின்று, கையில் காந்தி படம் போட்ட நோட்டை நீட்டி, காந்தி ஜெயந்திக்கு ஆயத்தம் செய்கிறார்கள். இத்தனை பேரை ஒரே இடத்தில் கூட்டுகிற தலைவர் வேறு யார் இருக்கிறார்?

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்த ஆயத்தம் வேறு மாதிரி இருந்தது. முதல் நாளே மைதானத்தைப் பெருக்க வேண்டும். மறுநாள் படத்துக்குக் கதர்நூல் மாலை, ‘ரகுபதி ராகவ’, ஆரஞ்சு மிட்டாய். அதற்குப் பிறகு தக்ளி. கைத்தொழில் வகுப்பு வாத்தியார் ஆளுக்கொரு பஞ்சுத் திரியைக் கொடுத்து நூற்கச் சொல்வார். தக்ளியை விரலால் சுண்டிவிட்டால் அது சுற்றும், நூல் அறுந்து அது தரையில் விழும், பக்கத்துப் பையன் சிரிப்பான். அப்படி நாங்கள் நூற்ற நூல் எல்லாம் எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதில் வேட்டி நெய்து எவராவது கட்டியிருந்தால், அவருடைய மானம் காப்பாற்றப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

மதுவிலக்கு நாடகமும் உண்டு. குடிகாரன் வேஷத்துக்கு அடிதடி நடக்கும். திருந்துகிற காட்சியில் நடிக்க ஆள் கிடைக்காது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் பத்திரமாக இருந்தபோதே, 1971-இல் கடைகள் திறந்தன, 1974-க்குள் மூடின, 1981-இல் மறுபடி திறந்தன. வசனத்தை மாற்றுவதா வேண்டாமா என்று வாத்தியார் குழம்பிப்போனதுதான் மிச்சம்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் கடைசி பெஞ்சில் உட்காருவான். அவன் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவனாக அங்கே போய் உட்காரவில்லை; நாங்கள் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்ததில் அவனுக்கு மிஞ்சிய இடம் அதுதான். அவன் அப்பாவின் கைகள் ஆவாரம்பட்டைச் சாறு ஊறிச் செம்பழுப்பாக இருக்கும். மேல்விஷாரம் பக்கம் பஸ் போகும்போது தோல் நாற்றத்துக்கு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். கால்களில் தோல் செருப்பு இருக்கும். தீண்டாமை பாவம் என்ற பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்தது இதே கால்கள், இதே மூக்குதான்.

சுவரில் காந்தி ராட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் செருப்புத் தைத்தவர் என்பதை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் ஊறிக் கிடக்கிற பூமியில், சொல்ல வேண்டிய முதல் சேதி அதுவாகத்தானே இருந்திருக்க வேண்டும்? நூற்றால் மாலையாகப் போடலாம். செருப்பைத் தைத்து எந்தப் படத்துக்குப் போடுவது என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

1910-இல் ஜோகன்னஸ்பர்க்குக்குப் பக்கத்தில் காந்தியின் நண்பர் காலன்பாக் கொடுத்த நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை உருவானது. ஏறக்குறைய 1,100 ஏக்கர். அங்கே குடியேறிய சத்தியாக்கிரகிகளுக்குக் கைவேலை வேண்டும். டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் ஒன்றுக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார் காலன்பாக். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் மற்றவர்கள் கற்றார்கள். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கியவர் ஊசியும் வாருமாக உட்கார்ந்தார். தன்னைச் சிறையில் அடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கு ஒரு ஜோடி தைத்து, 1914-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படும்போது பரிசாகவும் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகள் போட்டுக்கொண்டு, காந்தியின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி 1939-இல் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் நிற்க எனக்குத் தகுதியில்லை என்பது அவர் சொன்ன காரணம். நம் பக்கத்தில் அரசியல்வாதிக்குச் செருப்பு கொடுப்பதென்றால் அர்த்தமே வேறு.

இந்தியாவுக்கு வந்த பிறகும் அவர் தோலை விடவில்லை. கொன்ற மாட்டின் தோல் வேண்டாம், தானாகச் செத்ததன் தோலே போதும் என்று பிடிவாதம். 1934-இல் ‘ஹரிஜன்’ இதழில் கிராமத்துத் தோல் பதனிடுதல் பற்றி எழுதினார். ஆண்டுக்கு ஒன்பது கோடி ரூபாய்ப் பச்சைத்தோல் வெளிநாடு போகிறது, அதில் பெரும்பகுதி சாமானாக மாறி நம்மிடமே திரும்பி வருகிறது, அந்த வேலையை நாமே செய்தால் என்ன என்பது அவர் கணக்கு. அது வெறும் காசுக் கணக்கில்லை. அந்த வேலை செய்கிறவனைத் தள்ளி வைத்ததில் அறிவும் கைத்திறனும் சேர்ந்து நாசமாயின என்ற கணக்கும் அதில் இருந்தது.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். காந்தி சொன்ன எதையும் நாம் கேட்கவில்லை என்று மேடைக்கு மேடை புலம்புகிறார்களே, இதை மட்டும் கேட்டோம். பாதியை. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டது. முழுக்கப் பதனிட்ட தோலாக, செருப்பாக, ஷூவாகச் செய்து அனுப்பு என்றது. காந்தி கேட்டதும் அதுதான். ஆனால் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிய தோலுக்குக் காத்திருக்க வெளிநாட்டுக்காரனுக்குப் பொறுமை ஏது? குரோமியம் வந்தது. தோல் சீக்கிரம் வெந்தது, பாலாறும் கூடவே வெந்தது. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. ராணிப்பேட்டையில் 1995-இல் மூடின குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல், ஆலைக்கு ஆயுசு முடிந்த பிறகும் ஆயுசோடு இருந்தது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே காசு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டுக்குச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். பாலாற்றை உலகச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிவிட்டோம். ஆற்றில் தண்ணீரை ஏற்றத்தான் முடியவில்லை. இதே தோல் கழிவு பற்றிய அடுத்த பெரிய தீர்ப்பு 2025-இல், ஜனவரி 30 அன்று. காந்தியின் நினைவு நாள் என்று நாடெங்கும் காலை 11 மணிக்கு இரண்டு நிமிஷம் மௌனமாக நின்ற நாள். தீர்ப்புக்கு அந்த நாளை யாரும் தேடி எடுத்திருக்கமாட்டார்கள். டீக்கடையில் செய்தி வந்தபோது, ‘நம்ம ஏரிக்கு வர்ற தண்ணிக்கும் இது பொருந்துமா?’ என்று ஒருவர் கேட்டார். பாலாற்று அணைக்கட்டுக் கால்வாயை நம்பித்தானே பல்லவர் காலத்து ஏரி கிடக்கிறது. பதில் சொல்ல யாரும் இல்லை. கிராம சபையில் கேட்கலாம் என்றால் நாங்கள் பேரூராட்சி. காந்தி கனவு கண்ட கிராம சபை அக்டோபர் 2 அன்று சுற்றுவட்டாரக் கிராமங்களில் கூடும், எங்களுக்கு அந்த யோகமும் இல்லை.

கதர் நிலைமை தெரிந்ததே. தேசியக் கொடியையே 2021 டிசம்பரில் பாலியஸ்டரில் செய்யலாம் என்று விதியைத் திருத்திவிட்டார்கள். நான் நூற்ற நூலை நினைத்துப் பார்த்தால் அந்த முடிவை முழுசாகக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

என் அக்கா மகள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். விடியற்காலை கம்பெனி வேன் வந்துவிடும். பெண்கள்தான் நிறைய. அவர்கள் தைத்தது எந்த ஊர்க் கால்களுக்குப் போகிறது என்று பெட்டியில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். அக்டோபர் 2 சட்டப்படி சம்பளத்தோடு லீவு. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளிடம் டால்ஸ்டாய் பண்ணைக் கதையைச் சொன்னேன்.

‘இன்னா மாமா, காந்தி செருப்பு தச்சாரா?’

‘ஆமாம்மா. கையாலேயே.’

‘பீஸ் ரேட்டா, மாசச் சம்பளமா?’

‘சம்பளமெல்லாம் இல்ல. ஒரு ஜோடிய அவரை ஜெயில்ல போட்டவனுக்கே சும்மா குடுத்தாரு. அவன் இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத் திருப்பிக் குடுத்துட்டான்.’

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

‘இருபத்தஞ்சு வருஷம் கழிச்சா ரிட்டர்ன் வந்துச்சு? எங்க கம்பெனிக்கு ஆறே மாசத்துல வருது. நல்ல தையல்தான் மாமா.’